ருசி பார்க்காமல் ஆக்கிய கோழி

அப்துல் குத்தூஸ் குவைத்துக்குக் கிளம்பிய நாள் 1990 ஜூலை இருபத்தொன்று, சனிக்கிழமை. வீட்டில் புழங்கிய கணக்குப்படி துல்ஹஜ் மாதத்துப் பிறை இருபத்தேழு. பம்பாய் ரயில் சாயங்காலம்தான். ஆனால் மதியச் சோற்றுக்குத் தம் கோழி வேண்டும் என்று அவன் முந்தின நாளே சொல்லிவிட்டதால், அவன் மனைவி இஸ்மத் விடிகாலைத் தொழுகை முடித்த கையோடு அடுக்களைக்குள் போனாள்.

தம் கோழிக்கு இளங்கோழி ஆகாது. முட்டையிட்டு ஓய்ந்த நாட்டுப் பெட்டைதான் வேண்டும். மூன்று மணி நேரம் தணலில் கிடந்தாலும் அதன் கறி கரைந்துபோகாமல் நிற்கும். குத்தூஸே உக்கடத்தில் போய்ப் பார்த்து வாங்கி வந்து, கொல்லையில் பிஸ்மில்லாச் சொல்லி அறுத்துக் கொடுத்தான். அவள் தயிரும் இஞ்சியும் பூண்டும் மஞ்சளும் பிசறி ஊற வைத்தாள். சின்ன வெங்காயத்தை முழுசு முழுசாகக் கடலெண்ணெயில் சிவக்க விட்டாள். கொத்தமல்லி, வரமிளகாய், கசகசா மூன்றையும் அம்மியில் மசிய அரைத்துப் போட்டுக் கறியோடு கிளறினாள். பாதி வெந்ததும் தேங்காய்ப்பால் ஊற்றி, ஒரு கொதி வந்தபின் கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். பார்க்கிற நேரம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு செம்புத் தேக்சாவின் வாயைச் சுற்றி மைதா மாவை ஒட்டி, மூடியை அமுக்கி, மூடிமேல் கொட்டாங்கச்சித் தணலைக் கொட்டிவிட்டால், இறக்குகிற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது. உப்புக் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் அப்படியே தின்ன வேண்டியதுதான்.

அன்றைக்கு உப்பு சரியாக இருந்தது. குத்தூஸ் மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டான். மூன்று வயது மகள் ஷைமாவுக்கு ஈரலைப் பிய்த்து ஊட்டினான். குவைத்தில் கோழி ஐஸ் பெட்டியிலிருந்து கல்லு மாதிரி வருமாம், தலையணை கிடைக்காவிட்டால் அதையே தலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தன் தாய் சாயிரா பானுவிடம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. போகிற இடத்தைப் பற்றிக் கிளம்புகிற நாளில் கேலி பேசக் கூடாது என்றாள். நான்கு மணிக்கு ஆட்டோ வந்தது. "போய்ட்டு வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவன் ஏறிக்கொண்டான். கூடவே பக்கத்துத் தெரு நிஜாமும் போனான். இரண்டு பேரும் தையல்காரர்கள், ஒரே கடையில் பதினோரு வருஷம் எதிரெதிர் மிஷினில் உட்கார்ந்தவர்கள்.

அந்தத் தேதி எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஏஜெண்டு இரண்டு கூட்டமாக ஆள் அனுப்பினான். ஒரு கூட்டம் ஜூலைக் கடைசியில் பம்பாயிலிருந்து விமானம் ஏறும், இன்னொன்று ஆகஸ்ட் ஆறாம் தேதி. குத்தூஸ் முதலில் பேர் கொடுத்தது ஆகஸ்டுக்குத்தான். அதற்கு ஆகஸ்ட் இரண்டாம் தேதி கோயமுத்தூரில் ரயிலேற வேண்டும். இஸ்மத் காலண்டரைப் பார்த்தாள். அந்த நாள் துல்ஹஜ் முடிந்து வருகிற முஹர்ரம் மாதத்தின் முதல் பத்துக்குள் விழுந்தது. கோட்டைமேட்டில் அவர்கள் இருந்த சந்தில் முஹர்ரம் பத்துக்குள் கல்யாணம் பேச மாட்டார்கள், புதுத்துணி வெட்ட மாட்டார்கள், தூரப் பயணம் கிளம்ப மாட்டார்கள். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று பள்ளிவாசல் ஹஸரத் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஜனங்கள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பழையபடியே இருந்தார்கள்.

ஒருநாள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "பத்துக்குள்ள வாசப்படி தாண்ட வேண்டாமுங்க. பிறைக்கு முன்னாடி போற கூட்டத்தோடயே போயிருங்க."

அவனுக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் பெண்டாட்டி சொன்னதைத் தட்டி, போன இடத்தில் ஒரு தலைவலி வந்தால்கூட அதற்குக் காரணம் சொல்லுவாள் என்று சிரித்தான். மூன்று தடவை ஏஜெண்டிடம் நடந்து, போத்தனூர்க்காரன் ஒருவனோடு இடத்தை மாற்றிக்கொண்டு வந்தான். அவள் சொன்னது அந்த அடுப்படிக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக ஒரு தந்தி வந்தது. அடுத்த வியாழக்கிழமை, ஆகஸ்ட் இரண்டாம் தேதி, சாயிரா பானு ஒன்பதாம் பிறை நோன்பு வைத்திருந்தாள். நோன்பு திறக்கக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு ரேடியோவில் குவைத்துக்குள் ஈராக் பட்டாளம் புகுந்துவிட்டதாகச் செய்தி சொன்னார்கள். சந்திலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். இஸ்மத் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். ஊற்றும்போதே அவள் மனசு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது. ஆகஸ்டுக் கூட்டத்தில் இருந்திருந்தால் இந்நேரம் ஸ்டேஷனுக்குப் போயிருப்பான். பெட்டியோடு திரும்பி வந்திருப்பான். இந்தக் கஞ்சியில் ஒரு கிண்ணம் அவனுக்கும் போயிருக்கும்.

போத்தனூர்க்காரன் பெட்டியோடு வீடு திரும்பிவிட்டான் என்று மறுநாள் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு என்ன ஆனது என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அழவில்லை. சாப்பாட்டை விடவில்லை. காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி இருந்தாள். சந்தில் சில பேர் அதைத் தைரியம் என்றார்கள். சில பேர் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். இரண்டும் அவள் காதில் விழுந்தன.

செப்டம்பரிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். பட்டியல் பட்டியலாகப் பேர் வந்தது. எதிலும் அப்துல் குத்தூஸ் இல்லை. அக்டோபர் நடுவில் நிஜாம் வந்து சேர்ந்தான். பாதி ஆளாக வந்தான். பாஸ்போர்ட்டுகளை முதலாளியிடம் கொடுத்திருந்ததால் வெறுங்கையோடுதான் இரண்டு பேரும் கிளம்பினார்களாம். ஈராக்கைத் தாண்டி ஜோர்டான் பக்கம் போகிற சாலையில் லாரி மாறும்போது ஒரு லாரியில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்ததாம். குத்தூஸ் ஏறிக்கொண்டானாம், இவன் அடுத்ததில் வந்தானாம். எல்லையில் போய்த் தேடினால் கூடாரம் கூடாரமாக ஆயிரக்கணக்கில் ஜனமாம். நாலு நாள் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டு அலைந்தானாம். இதை அவன் சாயிரா பானுவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் சுவரிலிருந்த தையல் மிஷின் கம்பெனிக் காலண்டரைப் பார்த்துச் சொன்னான்.

அந்தக் குளிர்காலத்திலேயே இஸ்மத் குத்தூஸின் பழைய மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டாள். முதலில் உள்பாவாடை, பிறகு தலையணை உறை, பிறகு ஜாக்கெட். பெரியகடை வீதியில் ஒரு கடைக்காரர் மொத்தமாகத் துணி வெட்டிக் கொடுத்து வாங்கிக்கொண்டார். கோபிசெட்டிபாளையத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த அவள் அண்ணன் இல்யாஸ் மாசம் ஒரு தடவை வந்து, அரிசி மூட்டையையும் தேங்காயையும் இறக்கிவிட்டு, கோபிக்கே வந்துவிடு என்று கூப்பிட்டுவிட்டுப் போனான். அவள் மூட்டையை இழுத்து உள்ளே வைப்பாள். மாமியாரை விட்டுப் போக மனசில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான். அதுவல்ல காரணம். கோட்டைமேட்டை விட்டுப் போனால் குத்தூஸ் வர மாட்டான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். அவன் வர மாட்டான் என்றால், அவனை அனுப்பிய கை அவளுடையது.

ஒரு வருஷம் திரும்பி மறுபடி துல்ஹஜ் இருபத்தேழு வந்தபோது, அவன் கிளம்பின அன்றைக்கு என்ன ஆக்கினாயோ அதையே ஆக்கு என்றாள் சாயிரா பானு. அவன் பேரில் நாலு வீட்டுக்குக் கொடுப்போம், போனவன் சுகமாகத் திரும்பட்டும் என்று துஆக் கேட்போம். இஸ்மத் ஆக்கினாள். கடைசியில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்தாள். நாக்கில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பார்த்தாள்.

அந்த ஒரு சொட்டில் ஒரு விஷயம் இருந்தது. சந்திலிருந்த எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும். உயிரோடிருக்கிறவனுக்கு ஆக்குகிற சோறு என்றால் ருசி பார்த்துத்தான் இறக்குவார்கள். மவுத்தானவர்கள் பேரில் பாத்திஹா ஓத ஆக்குகிற சோறு என்றால், ஓதி முடிகிற வரைக்கும் ஆக்கினவள்கூட வாயில் வைக்கக் கூடாது. உப்பைக் கண்ணால் பார்த்து, கையால் அள்ளி, மனக்கணக்கில் போட வேண்டும். மருமகள் சொட்டை உள்ளங்கையில் விடுகிறாளா என்று சாயிரா பானு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு பார்ப்பாள். விட்டதும் உள்ளே போய்விடுவாள். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றுமூன்று என்று மூன்று வருஷம் அப்படித்தான் நடந்தது. மூன்று வருஷமும் அவன் அந்த வீட்டுக் கணக்கில் உயிரோடு இருந்தான்.

தொண்ணூற்றுநாலு மே மாதம் இல்யாஸ் ஒரு சேதியோடு வந்தான். கோபியில் அரிசிக்கடை வைத்திருக்கும் ஒருவர், பெண்டாட்டி இறந்தவர், பிள்ளைகள் இல்லாதவர், இஸ்மத்தைக் கேட்டு ஆள் விட்டிருந்தார். காணாமல்போனவனுக்காக நாலு வருஷம் காத்திருந்தால் போதும், ஜமாஅத்தில் எழுதிக் கேட்கலாம் என்று இல்யாஸ் விசாரித்தும் வைத்திருந்தான். இதைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் சாயிரா பானுவிடம் அவிழ்த்தான். அவள் வெற்றிலையை மடிப்பதை நிறுத்தவில்லை.

"எம் பையனை உசுரோட வெச்சுட்டே சம்பந்தம் பேச வந்துட்டியாக்கும்?"

"கோவிச்சுக்காதீங்க மாமி. உசுரோட இருக்கறவன் நாலு வருசமா ஒரு காயிதம் போடமாட்டானுங்களா?"

"உனக்கு என்னைக்கு அவன் காயிதம் போட்டான், இப்பப் போடறதுக்கு? உன்ற மண்டிக் கணக்குப்புள்ளையா அவன்?"

"எனக்கு வேண்டாமுங்க. பெத்தவளுக்குப் போடலாமில்லீங்க" என்றான் இல்யாஸ். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது அவனுக்கு. சாயிரா பானு வெற்றிலையை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள். அவன் தங்கச்சி பக்கம் திரும்பினான். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். குத்தூஸ் உயிரோடு இருக்கிறான் என்று நினைக்கிறாயா, இல்லை என்று நினைக்கிறாயா, அதையாவது சொல் என்றான்.

இஸ்மத் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஊசித் துளையில் நூல் நுழைந்ததும் மிதிக்கத் தொடங்கினாள். இல்யாஸ் எழுந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போனான்.

அடுத்த பதினைந்து நாள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. பள்ளிக்கூட லீவு முடிந்து ஷைமா இரண்டாம் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். ஜூன் இரண்டாம் வாரத்தில் துல்ஹஜ் இருபத்தேழு வந்தது.

காலையில் கோழி வந்தது. இப்போதெல்லாம் முனைக் கடையில் அறுத்து வாங்கிவிடுவார்கள். இஸ்மத் துண்டுகளைக் கழுவித் தயிரில் போட்டாள். வெங்காயம் உரிக்க ஷைமா வந்து உட்கார்ந்து, நாலு உரித்துவிட்டுக் கண் எரிகிறது என்று ஓடிப்போனாள். மீதியை இஸ்மத்தே உரித்தாள். அவளுக்குக் கண் எரியவில்லை. எண்ணெய் காய்ந்தது. வெங்காயம் வதங்கியது. அரைத்த மசாலாவைப் போட்டதும் புகை எழும்பி அடுக்களை முழுக்க நிறைந்து, சந்தில் போன ஒரு கிழவர் இருமிக்கொண்டு போனார். கறியைப் போட்டுப் பிரட்டினாள். தண்ணீர் ஊற்றக் கூடாது, கறியே தண்ணீர் விடும். அது விடுகிற வரைக்கும் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். நின்றாள். கை ஒரு பக்கம் தன் வேலையைச் செய்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவள் ஒரு பக்கம் இருந்தாள். நாலு வருஷமாக எல்லா வேலையும் அவளுக்கு அப்படித்தான் நடந்தது.

உப்பை எப்போதும் போல முதலில் கொஞ்சமாகப் போட்டாள். பிறகு பார்த்துச் சேர்ப்பது அவள் பழக்கம். தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு கொதி வந்தது. கரண்டியை எடுத்தாள். இடது உள்ளங்கையை நீட்டினாள்.

"பாக்காத கண்ணு" என்றாள் சாயிரா பானு.

அவள் வாசல் நிலையில்தான் நின்றிருந்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பால் பொங்குது பார் என்று சொல்கிற மாதிரி.

இஸ்மத்தின் கரண்டி அந்தரத்தில் நின்றது. குழம்பு சொட்டி அடுப்பு விளிம்பில் விழுந்து பொசுங்கியது. பாத்திஹாவுக்கு ஹஸரத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டதாக சாயிரா பானு சொன்னாள். லுஹர் தொழுகைக்குப் பிறகு, மதியம் வருவார். காலையிலேயே போய் அவளே சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கரண்டியைத் தேக்சாவின் குறுக்கே வைத்துவிட்டு இஸ்மத் முந்தானையில் கையைத் துடைத்தாள். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

"மாமி, பிறைக்கு முன்னாடி போகச் சொன்னது நாந்தானுங்க. அவங்க ஆகஸ்டுக்குத்தான் பேர் குடுத்திருந்தாங்க."

"தெரியும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அவனே சொன்னான். வண்டி வரதுக்கு முன்னாடி, செருப்புப் போட்டுட்டே சொன்னான். உன்ற மருமவ பேச்சைக் கேட்டு நாளு மாத்திக்கிட்டேன், நீ ஒண்ணும் கேக்காம விட்டுட்டியே, உனக்கெல்லாம் வயசாயிப்போச்சு அப்படீன்னு என்னையக் கிண்டல் பண்ணிட்டுப் போனான்."

நாலு வருஷம் இதை உள்ளே வைத்துக்கொண்டு இந்தக் கிழவி தன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், ஷைமாவுக்குத் தலை வாரிவிட்டிருக்கிறாள், காய்ச்சலில் தனக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறாள் என்று இஸ்மத் நினைத்தாள். கோபம் வரவேண்டுமா, காலில் விழவேண்டுமா என்று தெரியவில்லை. இரண்டும் வரவில்லை.

"ஏனுங்க மாமி ஒரு வார்த்தைகூடக் கேக்கலீங்க?"

"கேட்டா நீ என்னன்னு சொல்லுவ?" என்றாள் சாயிரா பானு. பிறகு, "மாவை ஒட்டு. தணல் ஆறுது" என்றாள்.

இஸ்மத் பிசைந்து வைத்திருந்த மைதாவைக் கயிறாகத் திரித்துத் தேக்சாவின் வாயைச் சுற்றி ஒட்டினாள். மூடியை வைத்து அமுக்கினாள். சாயிரா பானு இடுக்கியால் தணலை எடுத்து மூடிமேல் பரப்பினாள். அதுவரைக்கும் அவள் அந்த வேலைக்கு வந்ததே இல்லை. இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இடையில் ஒரு தடவை சாயிரா பானு எழுந்து போய், பெட்டியிலிருந்து குத்தூஸின் வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து வந்து, ஓத வருகிறவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள். கழுத்துப் பட்டை பழுத்துப்போயிருக்கிறது, வேறு எடுங்க என்றாள் இஸ்மத். அவ்வளவுதான் பேச்சு.

ஹஸரத் வந்தார். பேரைக் கேட்டார், தகப்பன் பேரைக் கேட்டார், எந்த நாளில் மவுத்தானார் என்றும் வழக்கம்போலக் கேட்டுவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். நாள் தெரியாது என்றாள் சாயிரா பானு உள்ளேயிருந்து. பரவாயில்லை, அல்லாஹ்வுக்குத் தெரியும் என்று சொல்லி ஓதத் தொடங்கினார். நிஜாமும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

ஓதி முடித்துச் சோறு பரிமாறினார்கள். கோழி பதமாக வெந்திருந்தது. வாசம் நன்றாக இருந்தது. ஆனால் உப்பு அரைகுறையாகத்தான் இருந்தது. முதலில் போட்ட கொஞ்சத்தோடு நின்றுபோய்விட்டதே. வந்தவர்கள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். உள்ளே பெண்கள் பந்தியில் ஷைமாதான் இரண்டாவது வாயிலேயே கையை நிறுத்திவிட்டு, "அம்மா, உப்புப் போட மறந்துட்டியா?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்த ஒருத்தி அவள் தொடையில் கிள்ளினாள். சாயிரா பானு உப்புக் கிண்ணத்தை எடுத்துப் பேத்தியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தன் தட்டுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அப்படியே முழுக்கச் சாப்பிட்டாள், எலும்பையும் கடித்து.

இஸ்மத்தும் சாப்பிட்டாள். உப்பு இல்லை என்று மகள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து அவள், புருஷனை இழந்தவர்கள் இருக்கிற இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, நகை கூடாது, கலர்ச் சேலை கூடாது. துணி வாங்கக் கடைக்குப் போகிற வேலையை சாயிரா பானு எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குள்ளேயே இருப்பதும், அலங்காரம் இல்லாமல் இருப்பதும் இஸ்மத்துக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இத்தா முடிகிற நாளில் இல்யாஸ் வந்து, அரிசிக்கடைக்காரர் அந்தியூரில் பெண் பார்த்து முடித்துக்கொண்டுவிட்டார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். இஸ்மத் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவருக்காவது காத்திருக்கிற வேலை முடிந்ததே என்று சாயிரா பானு சொன்னாள். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவர் சிரித்தார். அது இல்யாஸ்தான், அவனும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நாள் தெரியாததால் வருஷப் பாத்திஹாவையும் அதே துல்ஹஜ் இருபத்தேழிலேயே ஓதினார்கள். இஸ்மத் இப்போது ஒரு ஜாக்கெட்டுக் கடைக்கு மட்டும் இல்லாமல் மூன்று கடைகளுக்குத் தைத்தாள். இரண்டாவது மிஷின் வாங்கினாள். ஷைமா ஒன்றை விட்டு ஒன்று நன்றாகப் படித்தாள். கணக்கு வந்தால் தமிழ் வராது, தமிழ் வந்தால் கணக்கு வராது. சாயிரா பானுவுக்கு இடது கண்ணில் புரை விழுந்தது. எல்லாம் நடக்கிறபடி நடந்தன. இஸ்மத்தின் மரப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் ராத்திரி படுக்கும்போது, தப்பித்தவறி உயிரோடிருந்தால், இருக்கிறவனுக்கு அல்லவா இத்தா இருந்துவிட்டோம் என்று ஒரு நினைப்பு மட்டும் விடாமல் வந்தது. சாயிரா பானுவுக்கும் அது இருந்தது. தபால்காரர் சைக்கிள் சந்துக்குள் திரும்பினால் அவள் நல்ல கண்ணை வாசல் பக்கம் திருப்புவாள். மகன் இல்லை என்று முடிவு செய்தது அவளேதான். இருந்தாலும் திருப்புவாள்.

1996 ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஒரு கடிதம் வந்தது. ஷார்ஜா முத்திரை. அனுப்பியவர் பேர் கலீல் ரஹ்மான். அப்படி யாரையும் அவர்களுக்குத் தெரியாது. இஸ்மத் மிஷினை நிறுத்திவிட்டு, தைத்துக்கொண்டிருந்த கத்தரிப்பூக் கலர் ஜாக்கெட்டை ஊசியிலிருந்து எடுக்காமலே உறையைக் கிழித்தாள். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், குரல் ஏறாமல் இறங்காமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் வாசிக்கிற மாதிரி வாசித்தாள்.

*அன்புள்ள சகோதரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் மேலப்பாளையத்துக்காரன். உங்களுக்கு என்னைத் தெரியாது. இங்கே ஒரு தையல் கடையில் உங்கள் பகுதியைச் சேர்ந்த ஒருவரைப் போன வாரம் சந்தித்தேன். அவர் கொடுத்த விலாசத்துக்கு எழுதுகிறேன். ஆறு வருஷமாக விலாசம் தெரியாமல்தான் எழுதவில்லை.*

*1990இல் நான் குவைத்திலிருந்து வெளியேறி வந்தபோது ஜோர்டான் எல்லைக் கூடாரத்தில் என்னோடு அப்துல் குத்தூஸ் என்று ஒருவர் இருந்தார். கோயமுத்தூர், தையல் வேலை என்று சொன்னார். வந்த ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்குக் கண்டது. அங்கே எல்லோருக்கும் கண்டது. தண்ணீர் லாரி இரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் வந்தது. செப்டம்பர் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் மவுத்தாகிவிட்டார். நானும் இரண்டு வங்காளிகளும் குளிப்பாட்டினோம். தண்ணீர் போதவில்லை, மண்ணால் தயம்மும் செய்து முடித்தோம். எட்டுப் பேர் ஜனாஸா தொழுதோம். சாலைக்கு வடக்கே அடக்கம் செய்து ஒரு அட்டையில் பேர் எழுதி வைத்தேன். மறுநாள் எங்களை அம்மான் நகரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். அதிகாரிகளிடம் பேர் சொன்னேன். யாரும் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை.*

*கடைசி இரண்டு நாள் அவர் அதிகம் பேசவில்லை. யார் மீதும் குறை சொல்லவில்லை. பிள்ளை ஒன்று இருப்பதாகச் சொன்னார். ஷைமாவோ ஷைனாவோ, பேர் எனக்குச் சரியாக நினைவில்லை, மன்னிக்கவும்.*

*கோயமுத்தூரில் அதே பேரில், அதே தொழிலில் இன்னும் பலர் இருக்கலாம். ஆகையால் இது உங்கள் வீட்டுக்கு உரிய செய்திதானா என்று ஒரு வரி எழுதினால் என் மனப்பாரம் இறங்கும். தப்பான வீட்டுக்கு இந்தக் கடிதம் வந்திருந்தால் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் உங்கள் வீட்டுக்காரர் எங்கிருந்தாலும் நல்ல சுகத்தோடு இருக்க துஆச் செய்கிறேன்.*